வெறும் தகரத்துக்கு முதல் பூச்சு

வட்டகொடை
10.11.2024

பிரேமினி,

உன் மேடம் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருகிறாளே, அந்த நேரத்தில் நீ பேசுவதில்லை, ஒப்பிக்கிறாய். "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வைக்கிறேன்." பக்கத்தில் அவள் நிற்கிறாள் என்பது உன் மூச்சிலேயே தெரிகிறது. அதனால்தான் கடிதம். நீ சொன்னபடி பக்கத்து வீட்டில் சமைக்கிற வீரம்மாக்கா பேருக்கு அனுப்புகிறேன். எனக்கு எழுதினால் வட்டகொடை தபால் கந்தோர் என்று மட்டும் போடு, நானே போய் எடுத்துக்கொள்வேன். தோட்டத்து விலாசம் வேண்டாம். இத்தனை வருஷமாகியும் லயத்து வரிசை வீட்டுக் கதவுகளுக்கு ஒரு நம்பர் கிடையாது. கடிதம் ஆபீஸ் மேசையில் கிடந்து, யாருக்காவது நினைவு வந்தால்தான் மேலே ஏறும்.

சுந்தரலிங்கம் முதலாளியின் கார் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. தலவாக்கலை பஜாரில் பெரிய கடை வைத்திருக்கிறாரே, நம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் அடுப்புக்கு விறகு போடுகிற காண்ட்ராக்ட்காரர், அவர்தான். அவருடைய அப்பா வாங்கிய பழைய மொரிஸ் மைனர். சித்திரையில் நுவரெலியாவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள். அதில் இதுவும் நிற்க வேண்டுமாம். வேலை நடப்பது ஸ்டேஷனுக்குக் கீழே அவருடைய ஷெட்டில். அதற்குப் பின்பக்கம் ஒரு அறை, ஒரு குசினி, தனிக் கக்கூஸ். "காரை முடிச்சுக் குடு தம்பி, அந்த ரூமை நீயே வச்சுக்க, பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துரு" என்றார். வாய்ப்பேச்சுதான். ஆனால் இரண்டு ஆட்கள் முன்னால் சொன்னார்.

எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் உன்னையும் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் படுத்தோம். கட்டின பெண்டாட்டியோடு பேச ரயில் பாதைக்குப் போனவன் நான். நீ கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போனதை இப்போதும் நான் தப்பு என்று சொல்லவில்லை. போகிற அன்று நான் ஸ்டேஷனுக்கு வராதது தப்பு.

பழைய பெயின்டை முழுக்க உரித்துவிட்டேன். வெறும் தகரமாக நிற்கிறது. சுரண்டிப் பளபளவென்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால், பனிமூட்டம் உள்ளே புகுந்து தடவிவிட்டுப் போயிருக்கிறது. மறுநாள் மஞ்சள் பூக்கிறது. கையுறை இல்லாமல் தொட்டால் விரல் பட்ட இடத்தில் அதே விரல் துருவாக எழும்புகிறது. சீக்கிரம் பிரைமர் அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்பதுதான் சண்டை.

முதலாளி "ரெட் ஒக்சைட் அடி, எங்க வீட்டு கேட்டுக்கு அதான்" என்கிறார். கேட் வேறு, கார் வேறு. ரெட் ஒக்சைட் தண்ணீரைக் குடிக்கும். மேலே பெயின்ட் மினுக்கும், கீழே துரு கொப்புளிக்கும். எட்ச் பிரைமரில் அமிலம் இருப்பதால் தகரத்தைக் கடித்துப் பிடிக்கும், ஆனால் மெல்லியது. உடனே மேலே இன்னொரு பூச்சு போடாவிட்டால் இந்த ஈரத்துக்குத் தாங்காது. எபொக்சிதான் சரி. இரண்டு டின், கலந்து அடிக்க வேண்டும். இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. இங்கே எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். உனக்கு அரை நாள் லீவு வரும்போது வாங்கி ரயிலில் பார்சல் போடுவாயா? காசு வீரம்மாக்காவின் மகனுக்குப் போட்டிருக்கிறேன்.

ஷெட்டிலேயே படுக்கிறேன். மாலை ரயில் போன பிறகு இங்கே பேச ஆள் கிடையாது.

பிரதாப்

*

கொஹுவல
24.11.2024

நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் தகரம். எண்ணிப் பார்த்தேன். மிச்சத்தில் நான் கொஞ்சம், கக்கூஸ் கொஞ்சம்.

வாங்கிவிட்டேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். கடையில் நின்ற ஆள் "நங்கி, கார் உங்களுடையதா?" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். ஆமாம், டிரைவர் வெளியில் நிற்கிறான் என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகச் சொன்னார். இதைக் குளிரில் அடித்தால் இறுகாதாம். பதினைந்து டிகிரிக்கு மேலே சூடு வேண்டுமாம். அதற்குக் கீழே போனால் பிசுபிசுவென்று அப்படியே நிற்குமாம். நுவரெலியாப் பக்கம் என்றதும் தலையில் கை வைத்தார். இரண்டு டின்னையும் கோட்டை ஸ்டேஷனில் பார்சலுக்குக் கொடுத்துவிட்டேன்.

சூட்டுக்கு எங்கள் அழகுமுத்து அண்ணனைக் கேளுங்கள். ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவன் அவன்தானே. நான் அங்கே தூள் சலித்த காலத்தில் அடுப்புப் பக்கம் போனாலே வேர்க்கும். கதவு, பொனட் மாதிரி கழற்றுகிற சாமான்களை அங்கே வைக்கலாம். நான் கேட்கச் சொன்னேன் என்று சொன்னால் செய்வான்.

திரும்பி வந்ததும் மேடம் என் கையை மோந்து பார்த்தாள். "பெட்ரோல் குடிச்சியா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தனி அறை இருக்கிறதா என்று முன்பு கேட்டீர்கள். இருக்கிறது. நானும் வாஷிங் மெஷினும். தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கிறது. நீங்கள் இல்லாத இடத்தில் எனக்கு ஒரு முழு அறை கிடைத்திருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிரேமினி

*

வட்டகொடை
16.12.2024

பிரேமினி,

டின் வந்தது. மேலே உன் கையெழுத்தில் என் பேர். அந்த மட்டையைக் கிழித்து வைத்திருக்கிறேன், சிரிக்காதே.

உன் கடைக்காரர் சொன்னது சரி. ஒரு மட்கார்டுக்கு மட்டும் இங்கேயே அடித்துப் பார்த்தேன். மறுநாளும் ஒட்டியது, அதற்கு மறுநாளும் ஒட்டியது. பூச்சிகள் வந்து உட்கார்ந்து அங்கேயே செத்தன. தின்னர் போட்டுத் துடைத்து மறுபடி வெறும் தகரமாக்கினேன்.

மச்சானைக் கேட்டேன். "தங்கச்சி சொன்னாளா? அப்ப கொண்டா" என்றான். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், தூள் காயவைக்கிற வேலை முடிந்து அடுப்பில் கங்கு மட்டும் கிடந்தபோது, நாலு கதவையும் பொனட்டையும் மட்கார்டுகளையும் விறகு லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். தேயிலைக்கு வாசம் ஆகாது என்று நான் பயந்தேன். மச்சான் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிக் காட்டினான். "தூளெல்லாம் வாய் கட்டியாச்சு. ஒரு கரண்டிகூட வெளிய இல்ல." மேல் மாடியில் கொழுந்து வாட்டுகிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேசினோம். அங்கேயே வைத்து அடித்தேன்.

ஞாயிறு காலையில் எடுத்துவிட்டோம். இறுகி ஓடுபோல இருக்கிறது. நகத்தால் கீறினேன், நகம்தான் போனது.

காரின் உடம்பைக் கழற்றித் தூக்க முடியாது. ஜனவரி வெயிலுக்குக் காத்திருக்கிறேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு "ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சுக்க" என்று சொல்லிப் போனார். அடிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. ஜன்னலுக்கு நேராக ரயில் பாதை. இனிப் பேசுவதற்கு அங்கே போக வேண்டியதில்லை.

பிரதாப்

*

கொஹுவல
05.01.2025

சித்திரையோடு நின்றுகொள்கிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். "உங்க ஆட்களுக்கு நன்றியே கிடையாது" என்றாள். என்ன நன்றி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, இன்னும் மூன்று மாதம் அவள் போடுவதைத்தான் சாப்பிட வேண்டும்.

குசினியில் புகை போக வழி இருக்கிறதா என்று எழுதுங்கள். சுவருக்கு வெறும் வெள்ளை வேண்டாம், கொஞ்சம் நீலம் கலந்து அடியுங்கள்.

பிரேமினி

*

வட்டகொடை
02.02.2025

பிரேமினி,

காலையில் புல் மேல் உறைபனி, மத்தியானம் தோல் உரிகிற வெயில். அந்த வெயிலில் காரை வெளியே தள்ளி உடம்புக்கும் எபொக்சி அடித்துவிட்டேன். இரண்டு பூச்சு. இனிப் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். முதலாளிக்குச் சாம்பல் நிறத்தைப் பார்த்து முகம் சுருங்கிவிட்டது, இதுதான் கடைசி நிறம் என்று நினைத்துவிட்டார்.

புகை போக வழி இருக்கிறது. நீலம் கலந்தேன்.

உன் வீட்டில் எல்லாரும் சுகம்.

பிரதாப்

*

கொஹுவல
16.02.2025

எல்லாரும் சுகமா?

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே அம்மா போனில் சொல்லிவிட்டாள். மேடம் பக்கத்தில் நின்றதால் என்னால் அழக்கூட முடியவில்லை. "யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அடுப்பைப் பாரு" என்றாள்.

டிசம்பர் மாதத்துத் தூள் ஒரு லொட் கொழும்பில் சுவை பார்க்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிட்டார்கள். எண்ணெய் வாசம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விறகு பற்ற மண்ணெண்ணெய் ஊற்றினான் என்று சொல்லி அண்ணனை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது நடந்து முடிந்த பிறகுதான் நீங்கள் உட்கார்ந்து, சாம்பல் நிறம், நீலச் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் நான் தலையில் பூ வைத்ததில்லை. வாசச் சோப்புப் போட்டால் கணக்கப்பிள்ளை வாசலிலேயே நிறுத்துவான். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மூட்டைக்கு வாய் கட்டினீர்கள். மேலே விரித்துக் கிடந்த கொழுந்துக்கு யார் வாய் கட்டுவது?

அண்ணனைக் கேட்கச் சொன்னது நான்தான். அதை மறக்கவில்லை. ஆனால் மறைத்தது நீங்கள்.

பிரேமினி

*

வட்டகொடை
25.02.2025

பிரேமினி,

நீ எழுதியதில் எதையும் மறுக்க முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பறித்த கொழுந்து மேலே தட்டுகளில் கிடந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாசம் தூளுக்குத்தான் ஆகாது, பச்சைக் கொழுந்துக்கு என்ன என்று நினைத்தோம். மேலே ஓடுகிற ஃபேன் குளிர் நாளில் கீழே அடுப்புப் பக்கத்துச் சூட்டைத்தான் இழுத்துக் கொழுந்துக்குள் ஊதுகிறது. அந்தச் சூட்டுக்குத்தானே நானும் போனேன். இரவு முழுக்க அந்தக் கொழுந்து என் பிரைமர் வாசத்தை மூச்சாக இழுத்திருக்கிறது.

கேட்டவுடன் நான் ஸ்டோருக்குப் போகத்தான் கிளம்பினேன். மச்சான் பாதையில் வந்து மறித்தான். "எங்க போறே? நான் மண்ணெண்ணெய்னு ஒத்துக்கிட்டேன். கொஞ்ச நாள் நிப்பாட்டி வைப்பாங்க, அப்புறம் அவங்களே கூப்பிடுவாங்க. அந்த அடுப்புல நிக்க வேற எவன் இருக்கான்? நீ வாயத் தொறந்தா முதலாளி ரூமைப் பூட்டிருவான். தங்கச்சி அந்த வீட்டுலயே கிடந்து சாகட்டுமா?" என்றான். "இதைப் பத்தி அவளுக்கு ஒரு வரி எழுதினே, உன்னை அடிப்பேன்" என்றும் சொன்னான். அதனால்தான் எழுதவில்லை. அவன் அடிக்குப் பயந்தில்லை. எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால், அவர்கள் கூப்பிடுகிற வரைக்கும் மச்சான் வீட்டில் இருப்பான். நீ சொல். உன் வார்த்தைப்படி செய்கிறேன்.

பிரதாப்

*

கொஹுவல
09.03.2025

முடிவை என் தலையில் வைக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. நாளைக்கு எது நடந்தாலும் பிரேமினி சொன்னாள் என்று இருக்கும்.

இருக்கட்டும். போய்ச் சொல்லுங்கள். என் அண்ணன், செய்யாததைச் செய்தேன் என்று கைநாட்டு வைத்து வாங்கிக் கொடுத்த அறையில் நான் படுக்க மாட்டேன். உங்களோடு இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது, நான் எழுதினதில்லை. அதற்காகக்கூட மாட்டேன்.

பிரேமினி

*

வட்டகொடை
23.03.2025

பிரேமினி,

சொல்லிவிட்டேன்.

ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா ஆபீசில் இருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, ஜன்னல் வழியாகவே பேசினார். "ஐயா, அது மண்ணெண்ணெய் இல்லை, கார் பிரைமர். நான்தான் அடுப்பு கிட்ட வச்சு அடிச்சேன்" என்றேன். "யாரு கார்?" என்று கேட்டார். சொன்னேன். "யார் உள்ள விட்டது?" என்றார். அதைச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். சிரித்தார், பிரேமினி. "மண்ணெண்ணெய்னா கவனக்குறைவு, மன்னிச்சு எடுத்திருப்போம். வெளியாளை ஸ்டோருக்குள்ள விட்டதுன்னா வேற சட்டம். அவனைக் காப்பாத்தவா வந்தே?"

மூன்றாம் நாள் மச்சானுக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. சங்கத்துத் தலைவரிடம் போனான். சந்தா பிடிக்கிற மாதத்தில் தவறாமல் இருக்கிற தலைவர் அன்று ஊரில் இல்லை.

மச்சான் என்னை அடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, "நான் பொய்யை வச்சு ஒரு வேலையைக் காப்பாத்தி வச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் உண்மையைக் கொண்டு வந்துட்டீங்க" என்றான். உன் அம்மா எனக்கு டீ கொடுத்தார். அதைக் குடிக்க முடியவில்லை.

நான் சொன்ன அன்று மாலையே முதலாளி ஷெட்டுக்கு வந்தார். "ஏன்டா, ஊரெல்லாம் என் காருன்னு சொல்லிட்டு வந்திருக்கே. விறகு காண்ட்ராக்ட் போனா உங்கப்பனா குடுப்பான்?" அப்புறம், "காரை முடிச்சுட்டு சாவியை டிரைவர்கிட்ட குடு. ரூம்ல இனி அவன்தான்" என்றார். நீலம் கலந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் அடிச்சிருக்கே" என்றும் சொன்னார்.

காரை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. பட்டி வைத்த இடம் எல்லாம் மேல் பூச்சு இல்லாமல் திறந்து கிடக்கிறது. அதை அப்படியே ஈரத்தில் போட்டுவிட்டு நடக்கக் கால் வரவில்லை. இதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதே. நம் ஆட்களுக்குத் தலைமுறையாக இருக்கிற வியாதி இது. அடித்தவன் வீட்டு வேலையைப் பாதியில் விட மாட்டோம்.

பிரதாப்

*

வட்டகொடை
20.04.2025

பிரேமினி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வீரம்மாக்காவின் மகன் கடிதம் கொடுத்ததாகச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனையும் நீ எடுக்கவில்லை. சித்திரையோடு நின்றுவிடுவேன் என்று மேடத்திடம் சொன்னாயே, நின்றாயா, அங்கேயேதான் இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

கார் நுவரெலியாவில் நின்றது. பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். கயிறு கட்டியிருந்தார்கள், அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். கரும்பச்சை நிறம். கொழும்பில் இருந்து வந்த பெண்கள் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். "யார் பெயின்ட் பண்ணினது?" என்று ஒருவர் கேட்டார். முதலாளி, "கொழும்புல குடுத்துச் செஞ்சது" என்றார். நான் கூட்டத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். குளிருக்குச் சோளம் வாங்கித் தின்றுவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் படுக்கிறேன். உள்ளே இடமில்லை. மழை சாய்ந்து அடித்தால் எழுந்து உட்கார வேண்டும்.

மச்சான் திங்கட்கிழமை கொழும்புக்கு வருகிறான். ஏதோ மாடிக் கட்டடத்தில் காவல் வேலை. உன் விலாசம் கொடுத்திருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

பிரதாப்

*

கொஹுவல
04.05.2025

அண்ணன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். காவல்காரச் சட்டை அவனுக்குப் பெரிசு. அடுப்புச் சூட்டில் இருந்தவன், இங்கே குளிரூட்டிய வாசலில் நின்று கதவைத் திறந்து விடுகிறான். உங்கள் மேல் கோபம் இல்லை என்றான். என் மேலும் இல்லையாம்.

நான் வேலையை விட்டு நிற்கவில்லை. அங்கே அறை இல்லை என்றதும் மேடத்திடம் போய், இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பை எழுத விருப்பமில்லை. அதுதான் இத்தனை நாளாக எழுதாமல் இருந்தேன்.

சொல்லுங்கள் என்று சொன்னது நான். அதை இப்போதும் மாற்ற மாட்டேன். ஆனால் சொன்னால் சரியாக முடியும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கணக்கப்பிள்ளை அம்மாவிடம் வந்து போயிருக்கிறான். "அம்மாக்கண்ணு, இந்தக் காம்பராவுல வேலைக்குப் பேர் பதிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்ல. அடுத்த மாசம் வரைக்கும் பார்ப்போம்" என்றானாம். அம்மா அந்த மலையில் கொழுந்து எடுத்தே முதுகு வளைந்தவள். அவள் பேர் பென்ஷன் எடுத்த அன்றோடு முடிந்தது. என் பேரும் அண்ணன் பேரும் இல்லை. பேர் இல்லாவிட்டால் நாங்கள் அந்த வீட்டில் இல்லாதவர்கள்.

உங்களை எதுவும் கேட்கவில்லை. நீங்கள் பெயின்ட் பாஸ், கைத்தொழில்காரர். தோட்டத்து வேலைக்கு நிற்க மாட்டேன் என்று பதினாறு வயதிலேயே வெளியே வந்தவர். அம்மாவைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அது போதும்.

பிரேமினி

*

மேல் டிவிஷன்
25.05.2025

பிரேமினி,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். உன் அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். கணக்கப்பிள்ளை என்னைக் கண்டதும், "என்னடா பாஸ், தேயிலைச் செடிக்குப் பிரைமர் அடிக்க வந்தியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. செடிகளைத் தறிக்கிற கவ்வாத்து வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள், அதனால் பேர் பதிய மறுக்கவில்லை. எந்தக் காம்பரா என்று கேட்டான். அழகுமுத்து காம்பரா, மாமியாரோடு என்றேன். எழுதிக்கொண்டான்.

கவ்வாத்துக் கத்தி பிடித்துக் கையெல்லாம் கொப்புளம். சாயந்திரம் யாராவது கூப்பிட்டால் பெயின்ட் வேலைக்கும் போகலாம் என்று நினைத்தேன். மலையிலிருந்து இறங்கியதும் கை விரலை மடக்க முடியவில்லை. ஸ்பிரே கன் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நான் ஆசைப்பட்ட இடம் இது இல்லை. நீ பிறந்த இடம் என்பதைத் தவிர இதில் எனக்கு ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு அடித்த அறையில் இப்போது நாம் இருந்திருப்போம் என்று ஒவ்வொரு செடியாக வெட்டும்போதும் நினைக்கிறேன். அப்புறம் உன் கடிதத்தை நினைக்கிறேன். கோபம் வருகிறது. உன் மேல் இல்லை, யார் மேல் என்று பிடித்து நிறுத்த முடியவில்லை. டீமேக்கரும் சம்பளக்காரன்தான்.

உன் அம்மா தன் பாயை முன்பக்கம் போட்டுக்கொண்டு உள் அறையைக் காலி செய்துவிட்டார். நான் கேட்கவில்லை. அங்கே நான் மட்டும் படுக்கிறேன். இத்தனை இடம் எனக்குப் பழக்கமில்லை, சுவர் ஓரமாகவே ஒடுங்கிப் படுக்கிறேன். சாப்பிடக் கூப்பிடும்போது வாய் தவறி "பிரேமினி" என்று என்னைக் கூப்பிடுகிறார். நானும் ம் கொட்டிவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

நீ வா என்று இந்த முறை எழுதவில்லை. போன முறை எழுதிக் கூப்பிட்டது ஒரு சுவரைக் காட்டித்தான்.

பிரதாப்

*

கொஹுவல
08.06.2025

வீடு இருந்தால்தான் வருவேன் என்று நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அது நீங்களாகவே நினைத்துக்கொண்டது. ஒன்பது பேருக்கு நடுவில் என்னால் இருக்க முடியவில்லை, அது உண்மை. ஆனால் நான் போகிற அன்று நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேன்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் உடனே புது ஆள் கேட்டு யாருக்கோ போன் போட்டாள். நம் பக்கத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

இருபத்துநாலாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் வட்டகொடையில் இறங்குவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பாதியில் இறங்கி வந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான் போடுவான், அதையே சாக்காக வைத்துக் காம்பராவைப் பற்றிப் பேசுவான். வேலையிலேயே நில்லுங்கள். எனக்குப் பை ஒன்றுதான், நானே தூக்கிக்கொண்டு நடப்பேன்.

இப்போது எந்த மலையில் கவ்வாத்து என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். ரோட்டுக்கு மேலே என்றால் வளைவில் நின்று பார்ப்பேன். கூப்பிட மாட்டேன், கங்காணி இருப்பான். எல்லாரும் குனிந்துதான் இருப்பீர்கள். நீங்கள் ஒரு தடவை நிமிர்ந்தால் அடையாளம் கண்டுகொள்வேன்.

பிரேமினி